இஸ்திரி போட்ட பொட்டலம்

என் தங்கைக்கு உலகத்தில் ஆகாதது ஒன்று உண்டென்றால் அது சுருக்கம். படுக்கை விரிப்பில் ஒரு கோடு விழுந்திருந்தால் அவளுக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. அவள் அறை சுத்தம் செய்த ஹோட்டலில் மேலாளர் முதல் வாயில்காப்பவர் வரை அவளைச் ‘சுருக்கக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணமான சில வருஷத்திலேயே புருஷன் செத்துப் போய்விட்டான். பிள்ளை கிடையாது. அந்த ஹோட்டலின் நான்காவது மாடிதான் அவளுக்கு வீடு வாசல் எல்லாம்.

அறைக்குள் பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் வேலையில் சட்டம். என்னிடம் மட்டும் சொல்வாள், அதுவும் பாதிதான். வீட்டில் இருக்கும்போது பாலைக்கூட மோந்து பார்த்துக் குடிக்கிறவர்கள், விடுமுறை என்று வந்துவிட்டால் புத்தியைப் பூட்டிச் சாவியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள் என்பாள். ஒருமுறை வெளிநாட்டுப் பெண் ஒருத்தி குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். முந்தின நாள் பழகிய ஒருவனை நம்பியிருக்கிறாள். உடம்புக்கு ஏதாவது வந்திருக்குமோ என்று பயம். யாரிடம் கேட்பது, எங்கே போவது, ஒன்றும் தெரியவில்லை. இவள் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அதற்குப் பிறகு இவளுடைய தள்ளுவண்டியில் கைத்துண்டுகளுக்கு அடியில் எப்போதும் ஆணுறைப் பொட்டலம் இருக்கும். கேட்டவர்களுக்குக் கேள்வி கேட்காமல் கொடுப்பாள். இந்தப் பேரைச் சொல்ல எனக்கு ஒன்றும் கூச்சம் இல்லை. கூச்சப்பட்டவர்கள்தான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறார்கள்.

ஓய்வு பெறுகிற வயதில் அவளுக்கு லிஃப்ட்காரரோடு பழக்கமானது. மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். துணி ஏற்றுகிற லிஃப்ட் பழுதானால் வருவார். பிறகு பழுதாகாவிட்டாலும் வந்தார். நான்காவது மாடியில் மட்டும் கதவு சரியாக மூடவில்லை என்று அவர் சொல்ல, ஹோட்டலே சிரித்தது. பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருவரும் பேசி முடிவுக்கு வந்தபோது, ரத்தமும் மற்றதும் இருவருமே கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று இவள் சொன்னாள். அவர் முகம் சுண்டிப் போனது.

“என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?”

“லிஃப்டும்தான் பாக்க நல்லாத் தெரியுது. நீங்க தொறந்து பாக்காம ஆளை ஏத்துவீங்களா?”

இரண்டு நாள் கழித்து அவர், மனைவி போன துக்கத்தில் கூட்டாளிகளோடு வெளிநாடு போனதையும் அங்கே நடந்ததையும் தாமாகவே சொன்னார். சோதித்ததில் இவளுக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு ஒரு தொற்று இருந்தது. வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, அது பாட்டுக்கு உள்ளே குடியிருந்திருக்கிறது. மாத்திரையில் போகிற சமாசாரம்தான் என்று தைரியம் சொன்ன நர்ஸம்மா, மாத்திரை முடிந்தும் ஒரு வாரம் தள்ளியே இருக்க வேண்டும் என்றாள். அப்புறமும், மறுபடி சோதித்து அது போய்விட்டது என்று தெரிகிற வரை ஆணுறை இல்லாமல் கூடவே கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள்.

பதிவுக் கல்யாணம் நடந்தது. கடல் தாண்டி இருந்த தங்கள் இன்னொரு ஹோட்டலில் தங்க, ஹோட்டல்காரர்களே இருவருக்கும் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். மாத்திரையும் அந்த ஒரு வாரமும் முடிந்திருந்தன. மறு சோதனைதான் பாக்கி. அதையும் முடித்துவிட்டுப் போங்கள், அந்த அறை எங்கே ஓடிவிடப் போகிறது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் விடுமுறையைப் பெருக்கியவள், ஒரு விடுமுறையாவது படுத்துப் பார்க்கிறேனே என்றாள்.

கிளம்புவதற்கு முன் அவர் துணிகளையெல்லாம் ஹோட்டல் சலவை அறைக்குக் கொண்டுபோய், பெரிய ஆவி இஸ்திரியில் வைத்து அமுக்கினாள். ஊரார் துணியென்றால் பையைத் தடவிப் பார்க்காமல் தொடமாட்டாள். இது அலமாரியிலிருந்து எடுத்த துவைத்த துணிதானே என்று விட்டுவிட்டாள். அவரோ, வாங்கிய ஆணுறையை மனைவி கையில் கொடுக்க வெட்கப்பட்டு, கால்சட்டையின் பின்பையில் செருகி வைத்திருந்தார்.

போய்ச் சேர்ந்த அன்று மாலை, விரிப்பின் மூலை தொளதொளவென்று இருக்கிறதென்று இவள் கட்டிலை மறுபடி விரித்துக்கொண்டிருந்தாளாம். அவர் கால்சட்டையை எடுத்தார். பொட்டலம் தபால்தலை மாதிரி ஒட்டிக்கிடந்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சூடு பட்டது உதவாது என்று இவள் குப்பைக்கூடையில் போடப் போனபோது, அவர் மெதுவாகச் சொன்னார்:

“மாத்திரைதான் முடிஞ்சிருச்சே. ஒரு நாள்தானே.”

இவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒரு நாள்தானேன்னு சொன்னவங்க அழுத தரையை நான் தொடைச்சிருக்கேங்க. எனக்கும் ஆசைதான். ஆனா முடியாது.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபமா, எங்கே போகிறார், எதுவும் சொல்லவில்லை. இந்த வயதில் கிடைத்த துணையை ஒரு சொல்லில் விரட்டிவிட்டோமோ என்று இவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். உட்கார்ந்த இடம் சுருங்கியதைக்கூடப் பார்க்கவில்லை என்றாள். அப்போதுதான் அவள் அழுகை எத்தனை பெரியது என்று எனக்குப் புரிந்தது.

மாலையில் மாற்றுத் துண்டு கொடுக்க அந்த ஊர்ப் பணிப்பெண் வந்தாள். ஒருத்தி பேச்சு இன்னொருத்திக்குத் தெரியாது. வந்தவள் விரிப்பின் மூலையை விரலால் தொட்டுப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், தன் நெஞ்சைத் தொட்டு இவளையும் காட்டிச் சிரித்தாள். நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டது. இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒட்டிக்கிடந்த பொட்டலத்தைக் காட்டி, இஸ்திரி போடுகிற மாதிரி கையை ஓட்டிக் காட்டினாள். அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் தள்ளுவண்டியில் கையை விட்டு ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தாள்.

“கைத்துண்டுக்கு அடியில இருந்துச்சுக்கா. அதே எடம்,” என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

உறை கிழியவில்லை, தேதியும் தாண்டவில்லை என்று பார்த்து இழுப்பறையில் வைத்தாள். வைத்துவிட்டு, அவர் வரட்டும், என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். அழுத்தக்காரி.

அவர் வேர்த்து வழிய வந்தார். கையில் காயத்துக்குக் கட்டுகிற துணிச் சுருள்.

“ஒரு கடை மூடிட்டான். இன்னொருத்தன்கிட்ட விரல்ல உறை மாட்டுற மாதிரி காட்டினேன், இதைக் குடுத்துட்டான். இன்னைக்கு இல்லன்னா இல்ல. நீ மூஞ்சியைக் கழுவு, அப்படியே நடந்துட்டு வருவோம். காத்து நல்லா இருக்கு.”

நடந்துவிட்டு வந்த பிறகுதான் அவள் இழுப்பறையைத் திறந்தாள்.

திரும்பி வந்து செய்த சோதனையில் எல்லாம் சுத்தம். இப்போதெல்லாம் அவர் இஸ்திரிக்குத் துணி கொடுத்தால் பைகளை வெளியே இழுத்துத் தொங்கவிட்டுத்தான் கொடுக்கிறார். பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். தள்ளிப் போட்டிருந்தால் இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டாள். அதுவும் சரிதான். ஆனாலும் தள்ளிப் போட்டிருக்கலாம்.