செகண்ட் கியர்

அறுவடை மெஷின் ஓட்ட வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலைக்குக் கருகருவென்று சாயம் அடித்திருந்தார். பழைய டிஸ்கோ பாட்டைச் சத்தமாக வைத்தால்தான் வண்டியை எடுப்பார். குடவாசல் பக்கத்து வயலில் என் பயிர் சாய்ந்து கிடந்தது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது.

"ஏங்க இவ்வளவு லேட்டு?" என்று எரிந்து விழுந்தேன்.

"சாரி சார்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பாட்டு! கல்லூரி விழாவில் நான் ஆடிய பாட்டு, முதல் வரிகூட மறந்து போயிருந்தது. வரப்பில் நின்றபடியே என் கால் தாளம் போட்டது.

டீ குடிக்கும்போது அவரே சொன்னார்.

"இதைப் பாடினவங்களைக் கச்சேரி முடிஞ்சு வேன்ல கூட்டிட்டு வந்தேங்க. முன்சீட்டுல என் தோள்ல சாய்ஞ்சு தூங்கிட்டாங்க. கியர் மாத்துனா முழிச்சிடுவாங்களேன்னு தரங்கம்பாடியிலேருந்து மாயவரம் வரைக்கும் செகண்ட் கியர்லயே ஓட்டினேன்."

"எந்திரிச்சதும் என்ன சொன்னாங்க?"

"ஏன் இவ்வளவு லேட்டுன்னு திட்டினாங்க."

"நீங்க?"

"சாரி மேடம்னேன்."

சாய்ந்த பயிரையும் அதே நிதானத்தில் மணி சிந்தாமல் அறுத்துக் கொடுத்தார். நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடியதும் மழை பிடித்துக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது.

அன்று அவர் ஏன் தாமதமாக வந்தார் என்று மட்டும் நான் மறுபடி கேட்கவேயில்லை.