இயந்திரத்துக்கு மூச்சு கிடையாது

அக்கா போய் ஏழு வாரம் ஆகிறது. அவளைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. அவள் முகம் எந்தச் சுவரொட்டியிலும் வந்ததில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவள் பெயர் வரும், அதற்குள் பாதிப் பேர் வாசலுக்குப் போயிருப்பார்கள்.

இருபத்திரண்டு ஆண்டுகள் டப்பிங் பேசினாள். முதலில் கதாநாயகிக்குத்தான் அழைத்தார்கள். அழுகைக் காட்சியைக் கேட்ட இயக்குநர், “என்னம்மா, ரயில் லேட்டுன்னு அறிவிக்கிற மாதிரி அழுவுறே?” என்றாராம். அந்தக் குறையே பிழைப்பானது. வேற்றுமொழி அறிவியல் புனைவுப் படங்கள் நம் மொழிக்கு வரும்போது அவற்றின் இயந்திரங்கள் எல்லாம் அவள் குரலில் பேசின. விண்கலத்தை ஓட்டும் கணினி, உள்ளே வருபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் கதவு, தனக்கு ஒரு குழந்தைப் பருவம் இருந்ததாக நம்பும் ரோபோ. ஸ்டுடியோவில் அவளுக்கு ‘மெஷின் அக்கா’ என்று பெயர். “மெஷினுக்குச் சர்க்கரை போடலாமா?” என்று டீ கொண்டுவருபவர் கேட்பார். “போடுப்பா, துருப்பிடிச்சா பிடிக்கட்டும்” என்பாள்.

அவளிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. இயந்திரத்துக்கு நுரையீரல் இல்லை. எனவே அதன் வசனத்தில் மூச்சு கேட்கக் கூடாது. வசனத் தாளில் பென்சிலால் சிறு கோடுகள் போட்டிருப்பாள். கோடு வந்ததும் மைக்கைவிட்டு முகத்தைத் திருப்பி மூச்செடுத்துக்கொள்வாள். அதையும் மீறிப் பதிவானதை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளர் வெட்டி எடுத்துவிடுவார்.

ஒருமுறை இருவருமே தவறவிட்டார்கள். அணைக்கப்படப் போகும் ஒரு கணினி, “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்லும் இடம். அதற்கு முன்னால் ஒரு மெல்லிய இழுப்பு. படம் வெளியானதும் பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதிவிட்டார்கள்: சாவை உணரும் கணத்தில்தான் இயந்திரத்துக்கு உயிர் வருகிறது என்பதை இயக்குநர் ஒரே மூச்சில் உணர்த்திவிட்டாராம். அக்கா அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டிச் சிரித்தாள்.

“உயிரும் இல்ல, ஒண்ணும் இல்லடா. எனக்கு அன்னிக்கு மூக்கடைப்பு.”

ஆனாலும் அந்தத் தாளைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள்.

அவளும் அவள் மகளும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். அன்றன்றைக்குப் பேசிய படத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிடுவாள். “ஒருத்தரோட ஞாபகத்தையெல்லாம் இன்னொரு உடம்புல ஊத்திட்டா, அது அவரேதானா?” என்று ஒருநாள் கேட்டாள்.

“என் பரீட்சை ஞாபகத்த ஊத்தாதம்மா, பாத்திரத்துல அடிகூட நனையாது” என்றாள் மகள்.

நான் கல்லூரியில் படித்த தத்துவத்தை எல்லாம் எடுத்து விட்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுகிட்ட கேட்டு என்ன பண்றது? அது நான்தான்னுதான் சொல்லும். பக்கத்துல இருந்தவங்களக் கேக்கணும்” என்றாள்.

கடைசியாகப் பேசியதும் அப்படி ஒரு படம். செத்துப்போன பெண்ணின் நினைவுகளை ஏற்றிய ஓர் இயந்திரம், அவளுடைய மகளோடு வாழ்கிறது. அக்காவுக்கு இதயம் பலவீனமாகியிருந்தது. இரண்டு வரி சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கியது. ஒருநாள் சீக்கிரமே வீடு திரும்பி, “நாலு வசனம் மிச்சம். அடுத்த வாரம் முடிச்சிடலாம்” என்றாள். அடுத்த வாரம் நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம்.

போன திங்கட்கிழமை ஒலிப்பதிவாளர் கூப்பிட்டார். பழைய பதிவுகளை வைத்துக் கணினியிலேயே அந்த நான்கு வசனங்களை அக்கா குரலில் உருவாக்கியிருப்பதாகச் சொன்னார். மகள் கையெழுத்துப் போட்டால்தான் படத்தில் சேர்க்க முடியும். இருவரும் போனோம். உண்மையைச் சொல்கிறேன்: கேட்பதற்கு முன்பே என் மனம் கையெழுத்துப் போட்டுவிட்டது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தாலும் சரி, இன்னொரு முறை கேட்டால் போதும் என்றிருந்தது.

கண்ணாடிக்கு அப்பால் மைக் இன்னும் அக்காவின் உயரத்திலேயே நின்றது. ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டோம்.

“நான் உன் அம்மா இல்லை. அவள் உனக்காக நினைவு வைத்திருந்தது எல்லாம் என்னிடம் இருக்கிறது.”

அவளேதான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மகள் திரும்பவும் போடச் சொன்னாள். மூன்றாவது முறையும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

“மாமா, இதுல மூச்சு இருக்கு.”

“அதனால என்னம்மா?”

“அம்மா மெஷினுக்கு மூச்சு விட மாட்டாங்க.”

ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். “நான்தான் சேத்தேம்மா. வெறும் குரல் மட்டும் செத்த மாதிரி இருந்துச்சு. கேக்க முடியல.” பிறகு சொன்னார்: “குரல்தான் கணினி செஞ்சது. மூச்சு அக்காவோடதே. இத்தன வருஷமா வெட்டினதத் தூக்கிப் போட மனசு வரல.”

“அப்ப குரல எடுத்துட்டு அத மட்டும் போடுங்க அண்ணா.”

அவர் போட்டார். ஓர் இழுப்பு. இடைவெளி. மறுபடி ஒன்று. ஒன்றில் லேசான சளி; இன்னொன்றில் சிரிப்பை அடக்குவது போலிருந்தது. சமையலறையில் இருந்துகொண்டு எங்களைக் கூப்பிட வாயெடுக்கும்போது அவள் இழுக்கும் அதே மூச்சு. மகள் மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

“இத எனக்குக் குடுங்க” என்றாள். “வசனத்த வேற யாராவது பேசட்டும்.”

கையெழுத்துப் போடாமலே தாளைத் திருப்பிக் கொடுத்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அது எனக்காகத்தான் இருந்திருக்கும்.

அந்த நான்கு வசனங்களை யாரோ ஒரு புதுப் பெண் பேசப் போகிறாள். கடைசிக் காட்சியில் இயந்திரத்தின் குரல் சட்டென்று மாறும். ஏன் மாறியது என்பதற்கும் யாராவது அரைப்பக்கம் எழுதுவார்கள். எழுதினால் கத்தரித்து, அக்கா வைத்திருந்த பழைய தாளோடு சேர்த்து வைக்க வேண்டும்.