மூடி போட்ட கோப்பை

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு எனக்குச் சிங்கப்பூரில் நேர்காணல். எல்லைக்கு இந்தப் பக்கம், உலு திராமில் நான் வேலை பார்த்த இரும்புக் கம்பெனியில் லேப் என்றால் நான் ஒருவன்தான். லீவு என்று வாயைத் திறந்தாலே மேனேஜருக்கு முகம் சுருங்கிவிடும். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் வாங்கியிருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை பையில் தயாராக இருந்தது.

காலையில் மேனேஜர் வந்தார். "தம்பி, கழிவு ஆசிட் டேங்க் இன்னிக்கே காலியாகணும். காஸ்டிக் சோடாவ ஒரேயடியா தெறந்து விட்டா முடிஞ்சிரும்லா. நீ ஓகேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

ஆசிட்டும் காஸ்டிக்கும் சேர்ந்தால் ஒன்றையொன்று அடக்கிவிடும், ஆனால் சூடு கிளம்பும். எங்கள் டேங்கும் குழாயும் பிளாஸ்டிக். அறுபது டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். வால்வுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது என் நேபாள நண்பன். மேனேஜர் சொன்னால் மறுபேச்சில்லாமல் திறந்துவிடுவான்.

காப்பிக் கடை போலிஸ்டைரின் கோப்பையில் இரண்டையும் சம அளவு ஊற்றிக் கலக்கினேன். இருபத்திரண்டு டிகிரி ஏறியது. வெயிலில் நிற்கும் டேங்கில் ஏற்கெனவே முப்பத்தேழு. கூட்டினால் ஐம்பத்தொன்பது. அப்பாடா, தப்பித்தேன்!

பழக்க தோஷம், மிச்சக் கணக்கையும் போட்டேன். கலவையின் எடை, தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறன், ஏறிய சூடு மூன்றையும் பெருக்கி, வினைபுரிந்த மோலால் வகுத்தால் நாற்பத்தாறு கிலோஜூல். பாடப்புத்தகத்தில் ஐம்பத்தேழு. மிச்சச் சூடு கோப்பையின் திறந்த வாய் வழியே போயிருக்கிறது. டேங்குக்கோ மூடி உண்டு.

கோப்பையை அப்படியே தூக்கி எறிந்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். எவன் கேட்கப்போகிறான்? எரிச்சல் எரிச்சலாக வந்தது. இன்னொரு கோப்பை எடுத்து, மூடியில் தெர்மாமீட்டர் நுழைய ஓட்டை போட்டு, மறுபடி கலக்கினேன். இருபத்தாறு ஏறியது. கூட்டினால் அறுபத்துமூன்று.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "அப்ப கொஞ்சங் கொஞ்சமா விடு" என்றார்.

"அண்ணே, ஆறவிட்டு ஆறவிட்டு விட்டா சாயங்காலம் ஆயிடும். எனக்கு அரைநாள் லீவு."

"அலமாக், கணக்கு தெரிஞ்சவன் நீதானே தம்பி? நீ போய்ட்டா அவன்தான் தெறப்பான்."

என் கணக்கே என் காலைக் கட்டிப்போட்டது. நேபாள நண்பன் எனக்கும் ஒரு ஜோடி கையுறை கொண்டுவந்து நீட்டினான். வாங்கி மாட்டிக்கொண்டேன்.

வால்வைத் திறப்பதும், மூடுவதும், சூடு இறங்கும்வரை காத்திருப்பதுமாக நேரம் போயிற்று. மூன்று மணிக்கு மேல் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையிலும் காஸ்டிக்கில் நனைந்த கையுறை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்கவில்லை. தெர்மாமீட்டரைப் பார்த்தேன்.

சாயங்காலம் வேலை முடிந்தது. சூடு ஐம்பதைத் தாண்டவே இல்லை. மேனேஜர் வந்து டேங்கைச் சுற்றிப் பார்த்தார். குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, ஒண்ணுமே ஆகல. சும்மா பயந்துட்ட" என்றார். "இனிமே இந்த டேங்க் வேலைய நீயே பாத்துக்க, தம்பி."