மிட்டாய் ருசி பார்த்த டெல்மர்

கென்டக்கியில் எங்கள் பக்கம் புகையிலை வியாபாரம் படுத்த பிறகு எல்லோரும் ஹெம்ப் போட்டார்கள். கஞ்சா ஜாதிதான், ஆனால் சாது; புகைத்தால் தலைவலிதான் மிச்சம். அதுவும் விலைபோகாமல் கொட்டகையில் மக்கியபோது எங்கள் முதலாளி கார்வின் ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்தான். அதன் சாற்றில் அமிலம் விட்டுக் காய்ச்சினால் போதை ஏறிவிடும். செடியைப் பயிரிடலாம் என்று சொன்ன சட்டம் காய்ச்சுவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பழைய கார் கழுவும் கொட்டகையில் பீப்பாய்களை இறக்கி, ஜெல்லி மிட்டாய் ஊற்றி, பெட்ரோல் பங்க் பங்காக அனுப்பினான். நான் பொட்டலத்துக்கு அட்டை ஒட்டினேன். மிட்டாயில் சரக்கு எவ்வளவு என்று முதல் தடவை காய்ச்சியதற்கு வந்த பரிசோதனைச் சான்றைத்தான் இரண்டு வருடமாக எல்லாவற்றிலும் ஒட்டினேன். தெரிந்தேதான் ஒட்டினேன்.

பரிசோதனைக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும். டெல்மருக்கு இரண்டு மணி நேரம் போதும். சுரங்கத்தில் வேலை போன மனிதன். ஒவ்வொரு தடவை காய்ச்சியதிலும் ஒரு மிட்டாயைத் தின்றுவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவன் உத்தியோகம். போதை ஏறி எப்போது பல்லிளிப்பான் என்று நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம்.

"யோவ் மெஷினு, முள்ளு எங்க நிக்குது?" என்பான் கார்வின்.

"பத்தல முதலாளி. போன தடவைய விட மட்டம்."

கார்வின் காய்ச்சிய சாற்றை இன்னொரு குவளை ஊற்றுவான். அடுத்த மாதமும் பத்தாது. இன்னொரு குவளை. தினம் குடிப்பவனுக்குச் சாராயம் தண்ணீராகத் தெரியும் என்பது எங்களூரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எங்கள் ஒருவருக்கும் அது அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தால் கூலி போயிருக்கும்.

டெல்மருக்கு உலகத்தில் இருந்தது அவன் மனைவி லவோண்டா ஒருத்திதான். கோழி வெட்டும் ஆலையில் நின்று நின்று அவளுக்குத் தோள் கழன்றிருந்தது, தூக்கம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து வந்தவளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்திருக்கிறான்.

"இது ஒண்ணும் பண்ணாதே?"

"நான் ருசி பாத்ததுதான் புள்ள. வெறும் தண்ணி."

ஒரு மணி நேரமாகியும் அவளுக்குக் கண் சொருகவில்லை. "உன் மிட்டாய் உன்ன மாதிரியே சோம்பேறி" என்று சிரித்தாளாம். மூன்றாவதைக் கொடுத்தான். தின்ற சரக்கு வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் ஏறும். ஏறியபோது மூன்றும் சேர்ந்து ஏறின. சுவர் மூச்சுவிடுகிறது என்று அலறினாள். தெருவுக்கு ஓடிப்போய் வாந்தியில் விழுந்தாள்.

அவன் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன்.

"ஒவ்வொண்ணுலயும் எவ்வளவு இருந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"லேசாத்தாங்க இருந்துச்சு."

"லேசுன்னா எத்தனை மில்லிகிராம்?"

டெல்மர் கார்வினுக்குப் போன் போட்டான். எனக்கே கேட்டது.

"என்னைக் கேட்டா? ருசி பாத்தவன் நீதான? அட்டையில போட்டிருக்குல்ல, அத படிச்சுக் காட்டு."

டெல்மர் படித்துக் காட்டினான். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

லவோண்டா பிழைத்தாள். புத்தி திரும்பவில்லை. ஆறு வாரமாக மனநலப் பிரிவில் இருக்கிறாள். எல்லோரையும் அடையாளம் தெரிகிறது. டெல்மரைக் கண்டால் மட்டும் கட்டிலுக்கடியில் ஒடுங்குகிறாள்.

"இவன் எனக்கு விஷம் வச்சான். உள்ள விடாதீங்க."

டாக்டர் அவன் தோளைத் தட்டினார். "மனசுல வச்சுக்காதீங்க. அவங்க பேசல, நோய் பேசுது. புருஷன் விஷம் வச்சான்கிற எண்ணம் போகணும். போனாத்தான் வீட்டுக்கு அனுப்ப முடியும்."

டெல்மர் தலையாட்டினான். அவள் வாயில் வந்த ஒரே உண்மை அதுதான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது போகும்வரை அவளுக்கு ஊசி போடுகிறார்கள். ஞாயிறுதோறும் அவன் போய், வாசலிலேயே நின்று, இன்னும் அப்படித்தான் சொல்கிறாளா என்று நர்ஸிடம் கேட்டுவிட்டு வருகிறான்.