போலீஸ்காரனுக்குத் தைத்த காலணி

மூன்று பட்டை வைத்த ஊசி அது. தடித்த தோலையும் அறுத்துக்கொண்டு போகும். இடது கை இரண்டு தோல் விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்க, வலது கை பனிமான் நரம்பில் திரித்த நூலை இழுத்தது. கொஞ்ச தூரம் தைத்ததும் விளிம்பு வாய்க்குப் போனது. கடைவாய்ப் பல்லால் கடித்து மட்டம் செய்தால்தான் தையல் காலை உறுத்தாது. மறுபடி ஊசி.

மேஜைமேல் ஒரு ஜோடி முடிந்து கிடந்தது. அது சின்னக் கால். இப்போது கையில் இருப்பது பெரிய கால். மேல்பாகம் ஏறக்குறைய தயார். அடிப்பாகத்துக்கான தோலை மட்டும் கைகள் இன்னும் தொடவில்லை.

தைத்துக்கொண்டிருந்தவள் ராவ்னா. 1981 ஜனவரியில் அவளுக்கு ஐம்பத்தாறு வயது. வடதுருவத்துப் பக்கம் இருக்கும் எங்கள் மாஸே ஊரில் ஆற்றைப் பார்த்த வீடு. புருஷன் போன பிறகு குளிர்காலக் காலணி தைத்துத்தான் ஒரே மகள் இங்காவைப் படிக்கவைத்தாள்.

ஆற்றில் அணை கட்டப்போகிறார்கள் என்ற செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது. முதலில் போட்ட வரைபடத்தில் எங்கள் ஊரே தண்ணீருக்கு அடியில் இருந்தது. பிறகு ஊரை விட்டுவிட்டார்கள், ஆற்றை விடவில்லை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் ஸாமி மக்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராவ்னாவின் வயதுக்காரர்கள் பள்ளி விடுதியில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கியவர்கள். ஏன் கேட்கவில்லை என்று அரசாங்கத்தைக் கேட்க அவர்களுக்கு நாக்கு எழவில்லை. பிள்ளைகளுக்கு எழுந்தது. வேலை நடக்கவிருந்த பாதையில் கூடாரம் போட்டுச் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இங்காவும் அங்கேதான் இருந்தாள். அவர்களைத் தூக்கிப்போடத் தெற்கிலிருந்து நூற்றுக்கணக்கில் போலீஸ் வந்து இறங்கியது.

சின்னக் காலணி இங்காவுக்கு. பெரியது ராவ்னாவின் அண்ணன் மகன் ஆந்தேக்கு. அவன் ஆல்ட்டா நகரத்தில் போலீஸ்காரன்.

ஞாயிற்றுக்கிழமை சீருடை இல்லாமல் வந்து கேட்டிருந்தான்.

“குடுத்திருக்கிற பூட்ஸு விறைச்சுக் கட்டையாயிடுது அத்தை. விரல் இருக்கா இல்லையான்னே தெரியல.”

“நாள் பூரா ஐஸ்லதான் நிக்கணுமா?”

“நிக்கணும். அப்புறம் அவங்களைத் தூக்கணும்.”

“இங்காவையுமா?”

ஆந்தே ஆறிப்போன காபியைப் பார்த்தான். “என் முன்னாடி வந்தா, தூக்கித்தான் ஆகணும்.”

ராவ்னா, “காலை நீட்டு” என்றாள். சாணால் அளந்துகொண்டாள்.

விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு பகல் போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் ஹெய்க்கா காபி குடிக்க வந்தவர், கதவைச் சாத்துவதற்குள்ளேயே ஆரம்பித்தார்.

“ஜெர்மன்காரனுக்குத் தைச்சியே, அதே மாதிரி இவனுக்கும் ஒண்ணு போட்டுடு ராவ்னா! பயல் ஐஸ்ல மல்லாக்க விழுறதைப் பார்த்துட்டுத்தான் நான் கண்ணை மூடணும்.”

“நீங்க சர்க்கரையைக் குறைங்க, இன்னும் ரொம்ப நாள் பார்க்கலாம்.”

அந்தக் கதையை ஊரில் அறியாதவர் இல்லை. 1944 இலையுதிர் காலம். நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன் படையின் காவல்முகாம் ஊரில் இருந்தது. சிப்பாய்களுக்கு ரோமக் காலணி வேண்டுமென்று உத்தரவு வந்தது. காலணியின் அடிப்பாகம் பனிமானின் தலைத்தோலில் இரண்டு துண்டு. முன்துண்டின் ரோமமும் பின்துண்டின் ரோமமும் எதிரெதிராகப் படிந்திருக்க வேண்டும். அப்போதுதான் பனியில் பிடிக்கும். பத்தொன்பது வயது ராவ்னா ஒரு ஜோடியில் இரண்டு துண்டையும் ஒரே பக்கமாகத் திருப்பித் தைத்துவிட்டாள். அதைப் போட்ட சிப்பாய் சூப்புத் தட்டோடு முற்றத்தில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தான். நாஜிகளை எங்கள் ஊர் எதிர்த்த கதை என்றால் அதுதான். கல்யாண வீட்டில்கூடச் சொல்லிச் சிரிப்போம்.

மறுநாள் இங்கா கூடாரத்திலிருந்து வந்தாள். காலணிக்குள் திணிக்கும் காய்ந்த புல் தீர்ந்திருந்தது. வந்தவள் கண்ணில் பெரிய காலணி பட்டது.

“யாருக்கும்மா இது?”

“ஆந்தேக்கு.”

“அவன் என்னை இழுத்துட்டுப் போக வரப்போறான்மா! அவனுக்குக் காலு வெதுவெதுப்பா இருக்கணுமாக்கும்?”

“உன் மாமன் பிள்ளைதானே.”

“போலீஸ்காரன். தைக்காத. இல்ல, அன்னைக்கு மாதிரி தைச்சுக் குடு. ஒரு துண்டைத் திருப்பி வை, போதும்.”

ராவ்னா ஊசியைக் கீழே வைத்தாள்.

“அந்தச் சிப்பாய் அதுக்கப்புறமும் ஒரு தடவை விழுந்தான். தெரியுமா?”

“என்ன?”

“ஜெர்மன்காரங்க தோத்துப் பின்வாங்குறப்போ, ஊரைக் கொளுத்தப்போறோம், எல்லாரும் கெளம்புங்கன்னு வந்தாங்கல்ல. உங்க தாத்தாவுக்கு நுரையீரல்ல கோளாறு, நடக்க முடியாது. வண்டி வரைக்கும் ஒருத்தன் தூக்கிட்டுப் போனான். கரைச் சரிவெல்லாம் ஐஸ். அவன் காலைப் பார்த்தேன். என் தையல்.”

இங்கா மேஜையோரம் உட்கார்ந்தாள்.

“கத்தினேன். எங்க பாஷையில கத்தினேன், அவனுக்கு எப்படிப் புரியும். தாத்தா மேலேயே விழுந்தான். இடுப்பு போச்சு. அந்தக் குளிர்காலம் தாண்டல அவரு.”

“இதை ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?”

“எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க.”

இங்கா புல்லை மூட்டையாகக் கட்டினாள். தன் காலணியை எடுத்தாள். வாசலில் நின்று, “அவன் தூக்குறப்போ நான் கையைக் காலை இறுக்கி வைச்சுக்க மாட்டேன். தொங்கலா, கனமாத்தான் இருப்பேன். அப்படித்தான் முடிவு பண்ணிருக்கோம்” என்றாள்.

“அப்படியே இரு. அது உன் வேலை.”

மகள் போனதும் ராவ்னா தலைத்தோலை எடுத்து வெட்டினாள். துண்டுகளைப் பொருத்தி, ரோமத்தின் போக்கை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முதல் தையல் போட்டாள்.

ஆந்தே வந்தான். காலணியைத் திருப்பி, அடியில் கைவைத்துத் தடவினான். அவனும் இந்த ஊரில் வளர்ந்தவன்தான்.

“ஹெய்க்கா என்னென்னமோ சொல்றாரு அத்தை…”

“போட்டுட்டு முற்றத்துக்கு வா.”

முற்றம் முழுக்கக் கண்ணாடியாக உறைந்திருந்தது. ராவ்னா அதன் நடுவில் போய் நின்றாள்.

“என்னைத் தூக்கு.”

“அத்தை!”

“தூக்குடா. கரை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வா.”

தூக்கினான். அவள் கையையும் காலையும் தொங்கவிட்டுப் பிணம்போல் கனத்தாள். ஜன்னலில் ஹெய்க்கா காபிக் கோப்பையோடு நின்று பார்த்தார். சரிவில் இறங்கும்போது ஆந்தேக்கு மூச்சு வாங்கியது, கால் வழுக்கவில்லை. ஏறி வந்து இறக்கிவிட்டான்.

“கழட்டு.”

அவள் படியில் உட்கார்ந்து தையலைச் சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். ரோமத்தில் ஒட்டிய பனியைத் தட்டினாள். நெய்து வைத்திருந்த சிவப்புப் பட்டையால் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள்.

“அவ என்னைவிட லேசுதான்” என்று சொல்லி அவன் கையில் கொடுத்தாள்.