முகாமில் சாப்பிடாதவர்கள்

காலம் தப்பிக் கொட்டிய மழையில் தாமிரபரணி முக்கூடலில் எங்கள் தெருவுக்குள் புகுந்து வீட்டை அடித்துக்கொண்டு போனது. தெருவே பள்ளிக்கூட முகாமுக்கு ஓடியது. அப்பா மட்டும், "வரிசையில நின்னு சோறு வாங்கித் திங்கவா? நம்மால ஆகாது" என்று எங்களைத் தச்சநல்லூரில் அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனார். கை நீட்டாத குடும்பமாம் நாங்கள்.

பிறகு மாற்று மனை கேட்டுத் தாலுகா ஆபீஸுக்குப் போனோம். புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த குமாஸ்தா, "முகாம்ல தங்குனவங்க பேரத்தான் அண்ணாச்சி இதுல ஏத்திருக்கு. உங்க பேரு இல்லியே" என்றார்.

"வீடு இருந்த இடத்துல இப்பம் ஆறு ஓடுது. வந்து பாரும்வே" என்றார் அப்பா.

"நான் பாத்து என்ன செய்ய? சட்டப்படி நீங்க சொந்தக்காரங்க வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கீங்க."

அந்தப் பெட்டியைத் தூக்கி ஆற்றில் வீசலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பா ஆபீஸ் படியிறங்கி நடந்தார்.

அன்று மத்தியானம் அத்தை இன்னும் கொஞ்சம் சோறு வைக்க வந்தபோது, அப்பா தட்டைக் கையால் மறைத்துக்கொண்டார். அதன்பிறகு அந்த வீட்டில் அவர் இரண்டாம் முறை சோறு வாங்கியதே இல்லை. கடைசியில் அந்த வீட்டிலிருந்துதான் அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனோம்.