டாவோஸுக்கும் ஒரு வாக்கு, சூரிச்சுக்கும் ஒரு வாக்கு

1996 மார்ச்சில் டாவோஸிலிருந்து ஆராவுக்குப் போனேன். சுவிஸில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த தமிழ்ப் பள்ளிகளை ஒரே ஒன்றியமாக்கி, அதற்கு யாப்பு, அதாவது அமைப்பு விதிகள், எழுதும் கூட்டம். எங்கள் பள்ளியில் ஆறு பிள்ளைகள்தான், அதில் ஒருத்தி என் மகள். எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான ஆண்டுத் தேர்வு ஆராவில் காலை எட்டு மணிக்கு. முதல் ரயிலில் ஏறினாலும் நேரத்துக்குப் போக முடியாது. முதல் நாளே போய்த் தங்கலாமென்றால், நான் கோப்பை கழுவும் ஹோட்டலில் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு கிடைக்காது. எங்களுக்குப் பக்கத்திலுள்ள கூர் நகரிலும் தேர்வு வைக்கச் சொல்லிக் கேட்கத்தான் இந்தப் பயணம்.

ஏழு மணி ரயில். லாண்ட்குவார்ட்டிலும் சூரிச்சிலும் மாறி, பத்தரைக்கு முன் ஆராவ். அரைக்கட்டண அட்டை இருந்ததால் போகவர எழுபது பிராங்குக்குள் முடிந்தது. லாண்ட்குவார்ட்டில் மாறச் சில நிமிடங்கள்தான், கோப்பிக் கடைப்பக்கம் திரும்பாதீர்கள்.

சூரிச் பிரதிநிதி சிவம் அண்ணை யாப்பை வாசித்தார். பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி ஊருக்கு வாக்கு. எங்கள் ஆறு பேரின் குரல் எந்தக் காலத்திலும் எடுபடாது. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எழுந்து, யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் படித்ததை எடுத்து விட்டேன். அமெரிக்காவிலும் யாப்பு எழுதும்போது பெரிய மாநிலங்களும் சின்ன மாநிலங்களும் இதே சண்டைதான் பிடித்தன. கடைசியில் ஒரு சபைக்கு மக்கள் தொகைக் கணக்கு, மற்றதில் மாநிலத்துக்கு இரண்டு பேர், இரண்டும் சம்மதித்தால்தான் சட்டம் என்று வைத்தார்கள். அந்த முறையைத்தான் சுவிஸும் எடுத்துக்கொண்டது என்றேன்.

சரி, வாக்குக்கு விடுவோம் என்றார் சிவம் அண்ணை.

"எந்தக் கணக்கிலை அண்ணை? தலைக்கணக்கெண்டால் முடிவு இப்பவே தெரியும். சேருறதோ இல்லையோ எண்டு ஒவ்வொரு ஊரும் தானே சொல்லட்டும். இந்த யாப்புக்கு நாங்கள் சேர மாட்டம்."

தலைமை தாங்கிய லோசான் ராணியக்கா, தாங்களும் சேரப்போவதில்லை என்றார். பிறகு சின்ன ஊர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒன்றியமே இல்லாமல் போய்விடுமென்று பெரிய ஊர்கள் இறங்கி வர, சாப்பாட்டுக்கு முன் தலைக்கணக்கில் ஒன்று, ஊருக்கு ஒரு வாக்காக ஒன்று என இரண்டு சபைகளும் யாப்பில் ஏறிவிட்டன. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

பின்னேரம் கூர் தேர்வை முன்வைத்தேன். ஊர்க்கணக்கில் வென்றது, தலைக்கணக்கில் தோற்றது. இரண்டு சபையும் சம்மதிக்க வேண்டுமென்று நான் சண்டை பிடித்து வாங்கிய விதியில், ஒரு சபையின் வெற்றி மட்டும் என் மகளுக்கு உதவவில்லை. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். சிவம் அண்ணை பக்கத்தில் வந்து இருந்தார்.

"தம்பி, எனக்கு உம்மோடை கோவமில்லை. இன்னொரு மண்டபம் எடுத்தால் செலவு கூடுமெண்டு எங்கடை பள்ளிப் பிள்ளையளின்ரை தாய்தகப்பன்மார் பயப்பிடினம். அவையளைக் கேட்டுத்தான் நான் எதிர்த்துக் கை உயர்த்தினது."

"அப்ப அவையளோடை நான் கதைக்கலாமோ?"

"ஓம், வாருமன்."

சின்ன ஊர்க்காரருக்கு என் அனுபவம் இதுதான். சம வாக்கு உங்களை மிதிக்க விடாது, ஆனால் நீங்கள் கேட்பதைத் தானாகக் கொண்டுவந்தும் தராது. மற்றப்பக்கத்து ஆட்களிடம் நீங்களேதான் போக வேண்டும். ஆராவிலிருந்து டாவோஸுக்கு எடுத்த சீட்டில் அன்றைக்குள் வழியில் இறங்கி மறுபடி ஏறலாம், தனியாகக் காசு இல்லை. நான் சிவம் அண்ணையோடு சூரிச்சில் இறங்கி, எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு தாய்தகப்பனின் வீட்டு மணியை அடித்தேன்.